தரைக்கு வந்தால் சரிங்க

அந்த மனுஷனுக்கு மரத்து மேலே இருந்தால்தான் வாய் வரும். தரையில் நின்றால் இரண்டே வார்த்தை. ஒன்று 'ஆமாங்க'. இன்னொன்று 'சரிங்க'. மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள். பதினான்கு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. காலையில் ஆள் எண்ணி, செக்ரோல் என்கிற பெரிய நோட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டு, சனிக்கிழமை கூலி கொடுக்கிறவன். சேலத்தில் பி.ஏ. படித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அந்தக் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, மடித்த இடமெல்லாம் கிழிந்த பிறகு மலை ஏறி இந்த வேலைக்கு வந்தேன்.

அவர் கிளியூர்க்காரர். பரம்பரையாக மலையில் இருக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துகூட சரியாகப் பார்த்ததில்லை. காப்பிச் செடிக்கு நடுவே நிழலுக்காக சில்வர் ஓக் மரங்கள் வளர்ப்பார்கள். மழைக்கு முன்னால் அதில் ஏறி, வேண்டிய அளவு வெளிச்சம் விழும்படி கொப்பு கழிக்க வேண்டும். அதிகம் வெட்டினால் செடி கருகும். குறைத்து வெட்டினால் செடி நோய் பிடித்துக் காய் உதிரும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை. எனக்குச் சொல்லித் தந்தது பானிபட் யுத்தம். அதனால் அவர் எட்டு நாளில் வாங்கியதை நான் ஒரு மாதத்தில் வாங்கினேன்.

அவருக்கு முதியோர் பென்ஷன் வாங்கித் தரப் போய் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சேர்ந்த முதல் மாதம். மேனேஜர் என்னையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

"ஏய்யா, எறங்கி வாய்யா! இந்த வருசக் கூலி பேசணும்."

"இங்கிருந்தே பேசலாமுங்க. காது நல்லாக் கேக்குது."

"கழுத்து வலிக்குதுய்யா."

"படுத்துட்டுப் பேசுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"போன வருசக் கூலியே வெச்சுக்கலாம். என்ன சொல்ற?"

"முடியாதுங்க."

"அப்ப எவ்வளவுதான் வேணும்? ரூபாயச் சொல்லு."

"எனக்கு ரூவா கணக்கு வராதுங்க. காப்பி பறிக்கற பொம்பள ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன குடுக்கறீங்களோ, அதுல மூணு. அவளுக்கு ஏறுனா எனக்கும் ஏறும். அவளுக்கு எறங்குனா எனக்கும் எறங்கட்டும்."

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அந்த உயரத்தில் ஏற அந்த மலையில் வேறு நாலு பேர்தான் உண்டு. நாலு பேரும் வேறு எஸ்டேட்டுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் "சரி, தொலை" என்றார்.

அதே மனுஷன் சாயங்காலம் இறங்கி வந்தார். கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு கை கட்டி நின்றார். மேனேஜர், "ரெண்டர மடங்குன்னு வெச்சுக்கலாமாய்யா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தார்.

"சரிங்க."

"ரெண்டு?"

"சரிங்க."

இன்னும் கொஞ்சம் விட்டால் அவர் கையிலிருந்து எஸ்டேட்டுக்குக் கொடுத்திருப்பார். நல்லவேளை, அந்தப் பக்கமாக அவர் மனைவி சின்னப்பொண்ணு காப்பிக் கூடையோடு வந்தாள்.

"ஏனுங்க, மேல என்ன பேசுனீங்களோ அதுதான் பேச்சு. கீழ அந்த மனுசங்கிட்ட எதும் கேக்காதீங்க. ஊட்டயே எழுதிக் குடுத்துரும்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நடங்க ஊட்டுக்கு" என்றாள்.

"சரிங்க" என்றார், பெண்டாட்டியிடமும்.

தரையில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பஸ்ஸில் நாலு மைல் போக ஏறுவார். கண்டக்டர், "சேலம்தானே பெரியவரே?" என்பார். "ஆமாங்க." இருபது வளைவும் இறங்கி சேலம் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். கண்டக்டருக்கு மனசு கஷ்டப்படக்கூடாதாம். ஏற்காடு கடைவீதியில் டீ கேட்டால் எவனோ வேண்டாம் என்று தள்ளிய காப்பி வரும். குடித்துவிட்டுக் காசு கொடுப்பார். கோயில் வசூலுக்கு ஒரே ஆள் இரண்டு தடவை வந்தாலும் இரண்டு தடவையும் கொடுப்பார்.

ஒருநாள் நான் மரத்தடியில் நின்று கேட்டேன். "ஏனுங்ணா, கீழ வந்தா ஏன் இப்படி ஆயிடறீங்க?"

கொப்பு வெட்டிக்கொண்டே சொன்னார். "கீழ நின்னா எல்லார் மூஞ்சியும் கிட்டத்துல இருக்குதுங்க. மூஞ்சியப் பாத்துட்டா இல்லைன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது. மேல இருந்தா மண்டைதானுங்க தெரியுது. மண்டைய வெச்சு ஆள என்னன்னு பயப்படறது? உங்க மண்டையில நடுவுல மயிரு கொட்டுது ரைட்டருங்க, பாத்துக்கோங்க."

இதை முழுதாகப் புரிந்துகொண்டவள் சின்னப்பொண்ணு ஒருத்திதான். கிளியூரில் அவர்கள் வீட்டு முன்னால் ஒரு பலாமரம். குடும்பத்தில் ஏதாவது முடிவு செய்ய வேண்டும் என்றால், "மரத்துல ஏறுங்க, பேசணும்" என்பாள். அவர் ஏறி முதல் கவட்டையில் உட்காருவார். இவள் கீழே உரலில் ஏதாவது இடித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். ஆடு விற்கலாமா, கூரை மாற்றலாமா, கொழுந்தன் கேட்ட கடன் கொடுக்கலாமா எல்லாம் அப்படித்தான் தீர்ந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் இதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. அவர் பலாமரத்தில் இருந்தால், "ஊட்டுல ஏதோ பேச்சு வார்த்தை நடக்குது" என்று ஒதுங்கிப் போவார்கள்.

அவர் மகளைப் பெண் பார்க்க வந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படித்த ஆள் ஒருத்தன் சபையில் இருக்கட்டும் என்று. மாப்பிள்ளை ஏதோ ஆபீஸில் பியூன். நிரந்தர வேலை. அதற்காக அவன் அப்பன் கேட்ட சாமான் பட்டியல் எங்கள் செக்ரோலைவிட நீளம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா ஒரு பலாப்பழம் அறுத்துட்டு வரட்டும். விருந்தாளிங்களுக்கு வேணுமில்ல?"

அவர் ஏறினார். கவட்டையில் உட்கார்ந்தார். முதுகு நேரானது.

"சம்மந்தி," என்று கூப்பிட்டார். சபை மேலே பார்த்தது. "உங்க பையன் மாசத்துக்கு என்ன வாங்கறான்?"

அப்பன் பெருமையாகச் சொன்னான்.

"அத நான் ஒம்போது நாள்ல வாங்கறனுங்க. அப்ப நானில்ல உங்ககிட்ட வரதட்சண கேக்கணும்?"

"கூலி வேலையும் உத்தியோகமும் ஒண்ணாயிருமா?"

"ஆவாதுங்க. உத்தியோகத்துல உழுந்தா அடிபடாது. ஆனா எங்க புள்ளய உங்களுக்குக் குடுக்கறதா இல்ல. பழம் தர்றேன், சாப்ட்டுட்டுப் போங்க."

பழத்தை நிஜமாகவே போட்டார். நாற்காலிக்கு ஒரு அடி தள்ளி விழுந்தது. பிறகு மகளைக் குப்பனூரில் ஒரு லாரி மெக்கானிக்குக்குக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சும் பலாமரத்தில்தான் முடிந்தது.

அந்தச் சபையில் நான் வாயே திறக்கவில்லை. என் சம்பளம் அந்தப் பியூன் சம்பளத்தைவிடக் குறைவு.

இனி அந்த மூணு மடங்கு ஒப்பந்தத்தால் வந்த வினை. பறிக்கிற பெண்கள் கூலி ஏற்றிக் கேட்கும்போதெல்லாம் மேனேஜர் ஒரே பதில் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணு ஏத்துனா அவனுக்கு மூணு ஏத்தணும். எஸ்டேட் தாங்காது." வெறும் சாக்கு. ஆனால் பெண்கள் நம்பிவிட்டார்கள். அவர் வேலை செய்கிற மரத்தடியில் போகும்போதெல்லாம் வைவார்கள்.

"மூணு பொம்பள கூலி வாங்குதே, மூணு சேலையும் கட்டிக்கச் சொல்லுங்க!"

"பிரசவமும் மூணு பாக்கட்டும்!"

சின்னப்பொண்ணும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டு வைவாள். கூலிக்காரியாக வைகிறது தனி, பெண்டாட்டியாகச் சோறு போடுகிறது தனி என்பாள்.

அந்தச் சமயம் சேலத்திலிருந்து லேபர் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலி எஸ்டேட்டுகளில் கிடைக்கிறதா என்று பார்க்க. இதில் வேடிக்கை, அவர் வருகிற நாள், நேரம் எல்லாம் ஒரு வாரம் முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது. மேனேஜர் என்னை உட்கார வைத்து இன்னொரு செக்ரோல் எழுதச் சொன்னார். எழுதினேன். பச்சை அட்டை நோட்டில் நிஜக் கூலி. சிவப்பு அட்டை நோட்டில் அரசாங்கம் சொன்ன கூலி. பி.ஏ. படித்த கை. எழுத்து அழகாக இருக்கும்.

"யாரை சாட்சி சொல்ல விடலாம்?" என்று மேனேஜர் யோசித்தார். யோசிக்கவே வேண்டியதில்லை. எது கேட்டாலும் ஆமாங்க சொல்கிற ஒரு மனுஷன் கையில் இருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நம் மனுஷனை அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"அரசாங்கம் சொன்ன கூலி குடுக்கறாங்களா?"

"ஆமாங்க."

"லீவுச் சம்பளம்?"

"ஆமாங்க."

"கம்பளி, செருப்பு?"

"ஆமாங்க" என்றார், வெறுங்காலோடு.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டார். வேலை முடிந்தது. அத்தோடு இன்ஸ்பெக்டரை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், இவர் மரம் ஏறறதப் பாக்கணும் நீங்க. இந்த மலையிலேயே இப்படி ஏற ஆள் இல்ல" என்று பெருமையடித்து, "ஏறுய்யா, சாருக்குக் காட்டு" என்றார்.

அணில் மாதிரி ஏறினார். உச்சிக்குப் போனதும் இன்ஸ்பெக்டர் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். "பெரியவரே, கூலியெல்லாம் ஒழுங்கா வருதா?"

"எனக்கு வருதுங்க. இந்தப் பொம்பளைங்களுக்குத்தானுங்க வரல. அரசாங்கம் சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வருது. ரைட்டருகிட்ட ரெண்டு நோட்டு இருக்குதுங்க. பச்ச அட்ட எங்களுக்கு. செவப்பு அட்ட உங்களுக்கு."

காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குலவை போட்டாள். அது சின்னப்பொண்ணு.

அடுத்த மாதம் கூலி ஏறியது. முழுதாக இல்லை. ஆனாலும் ஏறியது. அவருக்கு மூன்று மடங்கு ஏறியது. பெண்கள் அவரை டீக்கடையில் வளைத்துக்கொண்டு, எங்களால்தானே உங்களுக்கு ஏறியது, போண்டா வாங்கித் தாருங்கள் என்றார்கள். தரையில் நின்று கேட்டார்கள். "சரிங்க." இருபத்திரண்டு பேருக்குப் போண்டா. ஒவ்வொரு சனிக்கிழமையும். ஏறிய கூலியில் பாதி எண்ணெயில் போனது.

எனக்கு அந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லை. அவர் வந்து என் எதிரில் கை கட்டி நின்றார். "உங்களையும் இழுத்துட்டனுங்க ரைட்டருங்க."

"ஆமா, தப்புத்தான் பண்ணிட்டீங்க" என்றேன் கோபத்தில்.

"ஆமாங்க."

எனக்கே வெட்கமாக இருந்தது. "இல்லைங்ணா, தப்பில்ல."

"சரிங்க."

மேனேஜர் ஒரு உத்தரவு போட்டார். அதிகாரிகள் வரும் நாட்களில் தோட்டத்தில் யாரும் மரம் ஏறக்கூடாது. அதை அழகான கையெழுத்தில் எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டியவன் நான்தான்.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முந்தைய ரைட்டர் அவரைச் செக்ரோலில் சேர்க்கும்போது, ஒரு பெயரைச் சொல்லி, "நீ அவன்தானே?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் வேறு. வேலையை விட்டுவிட்டுச் சேலம் போனவன். இவர் ஆமாங்க என்றிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பெயரில்தான் கூலி. அந்தப் பெயரில்தான் பி.எஃப். பிடித்தம். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் மரத்து மேலிருந்து, "ரைட்டருங்க, நோட்டுல இருக்கறது என் பேரு இல்லீங்க" என்று தன் பெயரைச் சொன்னார். "புது நோட்டு போடும்போது மாத்திக்கலாங்ணா" என்றேன். வருஷத்துக்கு ஒரு புது நோட்டு. பதினான்கு புது நோட்டு போட்டேன். மாற்ற வேண்டுமென்றால் மேனேஜரிடம் பேச வேண்டும். ஏன் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பயந்துகொண்டு, பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் அப்படியே எழுதினேன்.

எழுத வேண்டிய நோட்டில் எழுதவில்லை. இங்கே எழுதி யாருக்கு என்ன லாபம்?

முழங்கால் வீங்கி ஏற முடியாமல் அவர் வேலையை விட்டு நின்றபோது பி.எஃப். பணம் எதுவும் வரவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவன் சேலத்தில் எந்தத் தெருவில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ. மலையிலேயே அதிகக் கூலி வாங்கிய மனுஷன் ரேஷன் அரிசிக்கு அடுத்த வீட்டில் கை நீட்டினார். அதற்கு முந்தைய வருஷம் சின்னப்பொண்ணு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தாள். அவரை மரத்தில் ஏற்றிப் பேச வைக்க ஆள் இல்லை. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டவர்களுக்குச் சரிங்க சொல்லியே முடித்திருந்தார்.

முதியோர் பென்ஷனுக்கு நான்தான் மனு எழுதினேன். இந்தத் தடவை சரியான பெயரில். அது வந்தால் மாதம் அரிசிக்காவது ஆகும். வராவிட்டால் குப்பனூரில் மருமகன் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். அதற்கு அவர் தயாரில்லை. மருமகன் நல்லவன்தான். ஆனால் அங்கே மரம் இல்லை.

விசாரிக்க ஒரு அதிகாரி கிளியூர் வந்தார். எந்த ஆபீஸ், என்ன பதவி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நான் எஸ்டேட் வேலையை முடித்துக்கொண்டு அங்கே வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது.

"மகன் இருக்கான்ல?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாங்க."

"சோறு போடறான்ல?"

"ஆமாங்க."

"நெலம், காடு கொஞ்சம் இருக்குமே?"

"ஆமாங்க."

இல்லாத மகன், இல்லாத சோறு, இல்லாத நிலம். மனு தள்ளுபடி. நான் அந்த அதிகாரியின் மேஜை முன்னால் நின்று கத்தினேன். "சார், அவருக்கு மகனே கெடையாது சார்! ஒரே பொண்ணு!"

"அவர் வாயால சொன்னதத்தானே எழுதினேன்?"

"தரையில நின்னு சொன்னதுக்கு மதிப்பில்ல சார்."

பைத்தியத்தோடு வாதாட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை வருகிறேன் என்றார்.

அதிகாரி மறுபடி வருகிற அன்று நான் முன்கூட்டியே கிளியூர் போய்விட்டேன். பெரியவரைப் பலாமரத்தில் ஏற்றுவதென்று தீர்மானித்திருந்தேன். "ஏனுங்ணா, முழங்கால் தாங்குமா?"

"ஆமாங்க."

"நெசமாத் தாங்குமா, தாங்காதா?"

"சரிங்க."

தரையில் கேட்டது என் தப்பு. முதுகைக் கொடுத்து ஏற்றிவிட்டேன். கவட்டையைப் பிடிக்க அவருக்கு மூன்று தடவை கை வழுக்கியது. உட்கார்ந்ததும் மூச்சு வாங்கினார். பிறகு முதுகு நேரானது. அதிகாரி வந்து சேர்ந்தபோது அவர் ராஜா மாதிரி இருந்தார்.

"பெரியவரே, எறங்கி வாங்க."

"இங்கிருந்தே கேளுங்க. நீங்க அன்னிக்குக் கேட்டதுக்கெல்லாம் தப்பாச் சொல்லிப் போட்டனுங்க. மகன் கெடையாது. நெலம் கெடையாது. பொண்டாட்டி செத்துட்டா. எஸ்டேட்ல எம் பணம் வேற எவனோ பேருல கெடக்குது, அது இந்த ரைட்டரு பண்ணுன வேல. ரெண்டு நாளாச் சோறு பக்கத்து ஊட்டுல. போதுமுங்களா?"

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்.

"மனுதாரர் மரம் ஏறும் அளவுக்கு உடல் வலுவுடன் இருப்பதை நேரில் கண்டேன். உழைத்துப் பிழைக்கத் தகுதியுள்ளவர். உதவித்தொகை பெறத் தகுதியற்றவர்."

நான் என்ன கத்தினேன் என்பது ஞாபகமில்லை. நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. "கண்ணால பாத்தத எழுதறேன், நான் என்ன செய்ய?" என்றார் அவர். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. போகத் திரும்பினார்.

"ஏனுங்க," என்று மேலிருந்து குரல் வந்தது. "உங்க குவார்ட்டர்ஸ் ஏரிக்குப் போற வழியில ஓட்டு ஊடுதானுங்க?"

"ஆமா."

"பின்னாடி ஒரு சில்வர் ஓக்கு கூர மேல சாஞ்சு நிக்குது. மழைக்கு முன்னாடி கழிக்கலீன்னா ஓட்ட ஒடச்சுட்டு உள்ள வரும்."

அதிகாரி நின்றார். அந்த மரத்தால் அவர் மனைவி ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. "ஆள் தேடிட்டுத்தான் இருக்கேன். யாரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க... எவ்வளவு கேப்பீங்க?"

"பென்சன் மாசம் எவ்வளவுங்க?"

சொன்னார்.

"அதுல பன்னண்டு."

"ஒரு வருஷப் பென்ஷனா! ஒரு மரத்துக்கா?"

"உழைச்சுப் பொழைக்கத் தகுதி இருக்குதுன்னு நீங்கதானுங்க எழுதிருக்கீங்க. தகுதிக்குத் தகுந்த கூலி."

அதிகாரியின் கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஆறு என்றார். எட்டு என்றார். மேலிருந்து 'பன்னண்டு' என்றே வந்தது. கடைசியில் பன்னிரண்டுக்கு ஒத்துக்கொண்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பலாமரக் கவட்டை வேறு, சில்வர் ஓக் உச்சி வேறு. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அதிகாரியின் மனைவி வாசலில் நின்று சாமி கும்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் வீங்கிய முழங்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். பாதியில் ஒரு தடவை கால் நழுவியது. கயிறு என் உள்ளங்கையைக் கிழித்தது. மேலிருந்து, "ரைட்டருங்க, கயித்த இழுக்காதீங்க, நான் உழுவல, நீங்கதான் உழுந்துருவீங்க" என்றார்.

கொப்பு ஒவ்வொன்றாக, ஓட்டில் ஒரு கீறல் விழாமல், கயிறு கட்டி இறக்கினார். கடைசியில் கூரைப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு இளம் கொப்பு மட்டும் நின்றது.

"அது?" என்றார் அதிகாரி.

"அது சின்னதுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

எனக்குப் புரிந்தது. அதிகாரிக்குப் புரியவில்லை. பி.எஃப். மாதிரி ஒரு கொப்பை அவர் மரத்தில் பிடித்து வைத்துவிட்டார்.

"கூலிய ரைட்டரு கைல குடுங்க. அப்பறம் எறங்கறேன்."

அதிகாரி என் கையில் கொடுத்தார். பெரியவர் இறங்கினார். கால் தரையில் பட்டதும் முதுகு கூனியது. கை தானாகக் கட்டிக்கொண்டது. அதிகாரி அதைப் பார்த்தார். எல்லா அதிகாரிக்கும் அது சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

"பெரியவரே, ரெண்டு மணி நேர வேலதானே. பாதி திருப்பிக் குடுத்துருங்களேன்."

"சரிங்க" என்று என் பக்கம் கை நீட்டினார்.

நான் பணத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். "முடியாது" என்றேன். மேனேஜரிடம் பதினான்கு வருஷம் சொல்லாத வார்த்தை. மரம் எதுவும் ஏறாமல், தரையில் நின்றுகொண்டு, அதிகாரியின் மூஞ்சியைப் பார்த்து, "முடியாது சார்" என்று இன்னொரு தடவை சொன்னேன். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஏரி வளைவு வரை நொண்டிக்கொண்டு வந்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். "ஏனுங்க ரைட்டருங்க, அவரு மூஞ்சி நொம்பச் சுண்டிப்போச்சுங்க. பாவமுங்க. பாதியக் குடுத்துட்டு வந்துரலாமுங்களா?"

"வாய மூடிட்டு வாங்ணா" என்றேன்.

"சரிங்க" என்றார்.